முதல் ஸ்கிராபிள் போட்டிக்குப் போகிறீர்களா?

பையிலிருந்து ஆங்கில எழுத்துக் காய்களை ஆளுக்கு ஏழாக எடுத்து, போர்டில் சொல்லாக அடுக்கிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் ஸ்கிராபிள். என் மேஜையில் அந்தப் போர்டைப் பார்க்கும் அம்மாக்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "டீச்சர், உங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவு நல்லா வருமா?" நான் திருச்சியில் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறு வருடமாகப் போட்டிகளில் ஆடுகிறேன். பேச வரும் ஆங்கிலத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலக சாம்பியன். அதில் 2007 பட்டத்தை நம் மும்பையில்தான் வாங்கினார். அதே மனிதர் 2015-ல், பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்கிராபிள் பட்டத்தையும் வென்றார். இங்கிலீஷை நினைத்துத் தயங்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த அகராதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் காலின்ஸ் பட்டியல்தான். அமெரிக்காவில் வேறு பட்டியல். அங்கே செல்லாத சொற்கள் இதில் நிறையச் செல்லும். காலின்ஸில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. இவை மனப்பாடம் ஆகாமல் போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டி இன்னொரு சொல்லை வைக்க இவைதான் வழி. நான் ஒரு நாளைக்குப் பத்து என்று தாளில் எழுதி, சமையலறையில் மிக்ஸிக்கு மேலே ஒட்டிவைத்தேன். சட்னி அரைபடும் நேரத்தில் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பேன். இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. வி-யை வைத்து இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. சி-யை வைத்து ஒன்றே ஒன்று, சி-எச். அதனால் எதிராளியின் வழியை அடைக்க இந்த இரண்டும் நல்ல பூட்டு.

அடுத்து மூன்றெழுத்துச் சொற்கள், யு இல்லாமல் க்யூ வரும் சொற்கள். அப்புறம் ஏழெழுத்து. ஏழு காயையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அதைத்தான் பிங்கோ என்கிறோம். அடிக்கடி கையில் சேரும் எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்சினா: ஆங்கிலத்தில் எழுதினால் நான்கும் அதே ஏழு எழுத்து. இப்படிக் கலைத்துக் கலைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளையும் கலைக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

நம் சொற்களும் உள்ளே இருக்கின்றன. கட்டுமரம் காட்டமரான் ஆகியிருக்கிறது, சுருட்டு செரூட், அணைக்கட்டு அனிகட். இட்லி செல்லும். தோசை இரண்டு விதமாகச் செல்லும்: டி-ஓ-எஸ்-ஏ என்றும், கடைசியில் ஐ சேர்த்தும். முதல் முறை ஒரு போட்டியில் ஐ சேர்த்த தோசையை வைத்தபோது எதிரில் இருந்த கல்லூரிப் பையன் "அக்கா, ஹோல்டு" என்று நிறுத்தி, அப்படி ஒரு சொல் உண்டா என்று சேலஞ்ச் செய்தான். இருவரும் எழுந்து போய்க் கணினியில் தட்டிப் பார்த்தோம். செல்லும் என்று வந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

சேலஞ்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்பட்டது தப்பான சொல் என்றால் வைத்தவர் காய்களை எடுத்துக்கொண்டு வாய்ப்பையும் இழப்பார். சரியான சொல் என்றால் சேலஞ்ச் செய்தவருக்கு அபராதம். 5 புள்ளியா, 10 புள்ளியா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். காலையிலேயே நடுவரிடம் கேட்டுவிடுங்கள்.

சொற்கள் கொஞ்சம் கைவந்ததும் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது, வைத்த காயை விட வைக்காமல் மீதி வைத்த காயை. 22 புள்ளிக்கு ஆடிவிட்டு கையில் மூன்று ஐ-யும் ஒரு யு-வும் மிச்சம் வைத்தால், அடுத்த இரண்டு முறையும் தவிப்பீர்கள். 17 புள்ளிக்கு ஆடி, ஆர், ஈ, என் என்று மீதி வைத்தால் பிங்கோ வரும் வாய்ப்பு அதிகம். எஸ் மொத்தமே நாலுதான். எட்டுப் பத்துப் புள்ளி கூடுதலாகத் தராத இடத்தில் அதைச் செலவழிக்காதீர்கள். எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் காயான பிளாங்க் இரண்டே இரண்டு, பிங்கோவுக்காகக் காத்திருக்கட்டும். கை சுத்தமாகக் கெட்டுப்போனால், பையில் 7 காயாவது இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாய்ப்பு போகிறதே என்று நானும் முதலில் வருத்தப்படுவேன். இப்போது படுவதில்லை.

கடிகாரம். ஆளுக்கு 25 நிமிடம். தாண்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி போகும். நிமிடத்தின் ஒரு பகுதியானாலும் முழு 10. என் முதல் போட்டியில் ஒரு ஆட்டத்தில் போர்டில் 12 புள்ளி முன்னால் இருந்தேன். நேரம் ஒரு நிமிடமும் சில விநாடியும் தாண்டியிருந்தது. 20 கழித்தார்கள்; 8 புள்ளியில் தோற்றேன். அதிலிருந்து வீட்டில் கடிகாரம் இல்லாமல் ஒரு ஆட்டமும் ஆடுவதில்லை. ஆடும் வரிசையும் கைப்பழக்கம் ஆக வேண்டும்: காயை வை, புள்ளியைச் சத்தமாகச் சொல், கடிகாரத்தை அழுத்து, எழுது, அப்புறம்தான் பைக்குள் கை. பையைக் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுங்கள். போட்டிக் காய்கள் தடவினால் எழுத்து தெரியாதபடி வழவழப்பாக இருக்கும்.

இனி டிராக்கிங். மொத்தம் 100 காய். நூறும் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, போர்டில் விழ விழ ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். பை காலியானதும், அடிபடாமல் இருப்பதில் உங்கள் கையில் உள்ளதைக் கழித்தால் எதிராளியின் கை அப்படியே தெரியும். கணக்கு டீச்சராக இருப்பதால் சொல்லவில்லை. இந்த ஆட்டத்திலேயே அழகான பகுதி இதுதான்.

பெங்களூரில் ஒரு கடைசிச் சுற்று. பை காலி, நான் 14 புள்ளி பின்னால். என்னிடம் நாலு காய், அவரிடம் மூன்று. தாளில் க்யூ அடிபடவில்லை, என்னிடமும் இல்லை. போர்டில் க்யூ உட்காரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: ஒரு ஐ-க்கு முன்னால், மூன்று மடங்கு எழுத்துக் கட்டம். அங்கே க்யூ-ஐ என்று வைத்தால், க்யூவின் 10 மூன்று மடங்காகி 30, ஐ-க்கு 1, ஆக அவருக்கு 31. எனக்கு வேறு இடத்தில் 24 புள்ளி கிடைத்தது. கையும் அதை நோக்கித்தான் போனது. நிறுத்தி, கூட்டிப் பார்த்தேன். 24 எடுத்தால் தோல்வி. இரண்டு காயை வைத்து அந்த ஐ-யை அடைத்தேன், வெறும் 11. இப்போது 3 பின்னால். அவர் மற்ற இரண்டு காயில் 9 எடுத்தார். நான் மீதி இரண்டையும் இறக்கி 8 எடுத்து முடித்தேன். இன்னமும் 4 பின்னால்தான். ஆனால் முதலில் முடிப்பவருக்கு, எதிராளி கையில் மீந்த காயின் மதிப்பு இரட்டிப்பாகக் கிடைக்கும். க்யூ 10, ஆக 20. 16 புள்ளியில் ஜெயித்தேன். அவர் கை கொடுத்துவிட்டு, என் தாளை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

தோற்கும் ஆட்டத்திலும் கடைசி வரை புள்ளி சேருங்கள். வெற்றிகள் சமமானால் மொத்தப் புள்ளி வித்தியாசம், அதாவது ஸ்ப்ரெட், தான் இடத்தைத் தீர்மானிக்கும். 90-ல் தோற்பதும் 40-ல் தோற்பதும் ஒன்றல்ல.

பையில் இரண்டு பேனா, தண்ணீர், நடுவில் சாப்பிட ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சுற்றில் கண் சொக்கும். நான் தயிர்சாதத்தைத் திரும்பி வரும் ரயிலுக்கு வைத்துவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் இருவர் புள்ளியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கையில் இருந்த ஏழு எழுத்தையும் ஓரத்தில் குறித்து வந்தால், வீட்டுக்கு வந்து குவாக்கிள் என்ற இலவச மென்பொருளில் போட்டு எங்கே எதை விட்டோம் என்று பார்க்கலாம். நான் ரயிலிலேயே தாளைப் பிரித்துவிடுவேன். திருச்சி வருவதற்குள் நாலைந்து புதுச் சொல்லாவது தேறிவிடும், மிக்ஸிக்கு மேலே ஒட்ட.