லத்தீன் பெயரடை 'ஃபெரோக்ஸ்': வேற்றுமை உருபு ஏற்றுவது எப்படி?

லத்தீன் பெயர்ச்சொற்களுக்கு உருபு ஏற்றத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

படி 1: சொல்லைப் பிரியுங்கள். 'ஃபெருஸ்' என்றால் பழக்கப்படாத, காட்டுத்தனமான. 'ஓக்ஸ்' ஈறு, கண் அல்லது பார்வையைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு தொடர்புடையது என்பது பரவலான கருத்து. ஆக, முரட்டுப் பார்வை உடையது. கருப்பு என்னும் 'ஆதெர்' இதே வழியில்தான் 'அத்ரோக்ஸ்' (கொடிய) ஆனது.

படி 2: 'ஃபெரோக்ஸ், ஃபெரோகிஸ்' என்று இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாவது ஆறாம் வேற்றுமை. அதில் 'இஸ்' போனால் 'ஃபெரோக்' என்ற அடி கிடைக்கும். முதல் வடிவத்தை மட்டும் காட்டும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி இணையத்தில் இலவசம், அதுவே மேல்.

படி 3: எழுவாய் ஒருமையில் மூன்று பாலுக்கும் ஒரே வடிவம். சோற்றுக்கற்றாழையின் தாவரவியல் பெயரான 'அலோயே வேரா'வில் 'வேரா' பெண்பால் வடிவம். தென்னாப்பிரிக்க முள் கற்றாழையான 'அலோயே ஃபெரோக்ஸ்' பெயரில் அந்த மாற்றமே தெரியாது. இரண்டாம் வேற்றுமையில் ஆண்பாலும் பெண்பாலும் 'ஃபெரோகெம்' ஆகும். நடுப்பால் 'ஃபெரோக்ஸ்' ஆகவே நிற்கும்.

படி 4: இங்கே நிதானம் தேவை. நம் ஐந்தாம் வேற்றுமைக்கு நெருக்கமான நீங்கல் வேற்றுமையில் 'கென்ஸ்' (இனம்) 'கெந்தே' ஆகிறது. கை பழக்கத்தில் பெயரடைக்கும் 'ஏ' போட்டுவிடும். கூடாது. 'கூம் கெந்தே ஃபெரோகீ', அதாவது முரட்டு இனத்தோடு. பெயர்ச்சொல்லில் 'ஏ', பெயரடையில் 'ஈ'. பாலும் எண்ணும் வேற்றுமையும் பொருந்தினால் போதும்; ஈறுகள் ஒலியில் ஒத்துவர வேண்டியதில்லை. இந்த 'இ' நடுப்பால் பன்மையிலும் வரும்: 'ஃபெரோகியா'. 'வீராப்பு' என்று பொருள்படும் லத்தீன் பெயர்ச்சொல்லும் இதே எழுத்துகளில் இருப்பதால், வினை ஒருமையா பன்மையா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 5: எல்லா இடத்திலும் 'கொடூரம்' என்று பெயர்க்காதீர்கள். சாகத் துணிந்த கிளியோபாத்ராவை ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் 'ஃபெரோகியோர்' என்கிறார். அங்கே அது அடங்காத நெஞ்சுரம்.

பின்சேர்க்கை: அந்த 'ஃபெரோகியோர்' வடிவமும் 'ஈ' ஏற்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஏற்காது. ஒப்பீட்டு வடிவங்கள் நீங்கல் வேற்றுமையில் பொதுவாக 'ஏ' பெறும்: 'ஃபெரோகியோரே'. நடுப்பால் பன்மையும் 'ஃபெரோகியோரா'தான்; ஈற்று 'ஆ'வுக்கு முன் 'இ' சேராது.