ஒட்டாதேங்கோ, தையுங்கோ: வீட்டு மூலையிலை தையலும் மிக்ஸ்ட் மீடியாவும்

தையல் வேறை ஆர்ட் வேறை எண்டு எங்கடை ஆக்கள் பிரிச்சு வைச்சிருக்கினம், தலகணி உறை தைக்கிறது அம்மம்மாவின்ரை வேலை, துணி, பேப்பர், பெயின்ற் எண்டு கலந்து செய்யிற மிக்ஸ்ட் மீடியாப் படம் எண்டால் கம்பஸிலை படிக்கிற பிள்ளையளின்ரை வேலை எண்டு. எனக்கு ரெண்டுக்கும் ஒரே மேசைதான். காலமை உறை வெட்டின மிச்சத்துண்டு பின்னேரம் படத்திலை ஏறும், உறை தைச்சு நேர்கோடு ஓடப் பழகின கைதான் படத்திலை நூலாலை கீறவும் போகுது. அதாலை ரெண்டையும் சேர்த்தே சொல்லுறன். ஒரேயொரு பிடிவாதம் எனக்கு இருக்கு, தைக்கக்கூடிய ஒண்டை ஒட்டக்கூடாது. எங்கடை யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கைக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் கம் நிண்டு பிடிக்காது, ஒரு மாரி கழிய ஓரம் கிளம்பும், மாப்பசை எண்டால் பூச்சியும் வரும்.

ஸ்ரூடியோ எண்டவுடனை தனி அறை தேடாதேங்கோ. விறாந்தையிலை ஒரு மூலை, இல்லாட்டி யன்னலுக்குப் பக்கத்திலை ஒரு மேசை காணும். சாரல் அடிக்கிற பக்கம் வேண்டாம், மெசின் இரும்பு, பருத்தித்துறை வல்வெட்டித்துறை பக்கம் கடல் காத்து அடிக்கிற வீடுகளிலை ஊசி, குண்டூசி எல்லாம் கெதியா கறள் பிடிக்கும், பிறகு அந்தக் கறள் வெள்ளைத் துணியிலை இறங்கினால் போகாது. மூடி இறுக்கமான போத்தலுக்கை போட்டு வையுங்கோ. கத்திரிக்கோல் ரெண்டு வேணும், துணிக்கு ஒண்டு, பேப்பருக்கு ஒண்டு, துணிக் கத்திரிக்கோலின்ரை பிடியிலை ஒரு சிவப்பு நூலைக் கட்டி விடுங்கோ, வீட்டிலை ஆராவது பால்மா பக்கெற் வெட்ட எடுத்தால் உங்களுக்குக் கோபம் வர நியாயம் இருக்கும்.

மெசின்

கனபேரின்ரை வீட்டிலை பழைய கறுப்புச் சிங்கர் கால் மெசின் மேலை துணி விரிச்சு, அதுக்கு மேலை சாமிப்படமோ ரீவியோ வைச்சுக் கிடக்கும். முதல் அதை இறக்குங்கோ. 1990 இலை கரண்ட் நிண்டு வருசக்கணக்கா குடாநாடு இருட்டுக்கை கிடக்கேக்கை சனத்துக்கு உடுப்புத் தைச்சது இந்த மெசினுகள்தான், 2022 இலை மணித்தியாலக் கணக்கா கரண்ட் வெட்டேக்கையும் அது தன்ரை பாட்டிலை ஓடினது. புது எலெக்ரிக் மெசின் நல்லதுதான், சிக்சாக் போகும், பட்டன் ஓட்டை போடும், ஆனால் பழகிறதுக்கும் பேப்பர், ஓலை மாதிரிச் சாமான் தைக்கிறதுக்கும் கால் மெசின்ரை நிதானம் அதிலை கிடையாது, கால் மெசினிலை காலை நிப்பாட்டினால் ஊசி அந்த இடத்திலையே நிக்கும்.

கன நாள் நிண்ட மெசின் எண்டால் ஊசித்தட்டைக் கழட்டி உள்ளுக்கை கிடக்கிற தூசியை ஒரு பழைய பிறஸ்ஸாலை தட்டுங்கோ, அடிநூல் உருளை இருக்கிற பொபின் கேசுக்குள்ளையும் நூல் துண்டு சிக்கிக் கிடக்கும். பேந்து எண்ணெய் விடுற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு துளி மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடவே விடாதேங்கோ, கொஞ்ச நாளிலை பிசின் மாதிரி இறுகி மெசினை இன்னும் பாரமாக்கிப்போடும். எண்ணெய் விட்டபிறகு வெறும் துணித்துண்டிலை கொஞ்ச நேரம் ஓட்டுங்கோ, இல்லாட்டி முதல் தைக்கிற சாமானிலை கறுப்பு ஊத்தை வரும்.

ஊசி வாங்கேக்கை கடையிலை வீட்டு மெசின் ஊசி எண்டு சொல்லிக் கேளுங்கோ, அதின்ரை தலைப்பக்கம் ஒரு புறம் தட்டையா இருக்கும், ரெயிலர்மார் வைச்சிருக்கிற ஜூக்கி மெசின்ரை ஊசி முழு உருண்டை, மாறி வாங்கினால் சரிவராது. ஊசி நம்பர் மெல்லிய வொயில் துணிக்கு 70/10, சாதாரண பருத்திக்கு 90/14, டெனிமுக்கும் மொத்தத் துணிக்கும் 100/16. நூலை எந்தப் பக்கத்தாலை கோக்கிறது எண்டு குழப்பம் வந்தால் ஊசியைத் தடவிப் பாருங்கோ, நீளமா ஒரு பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்தாலைதான் போகோணும்.

அடியிலை நூல் குஞ்சம் குஞ்சமா வருது எண்டு கனபேர் பொபினைப் போட்டு உருட்டுவினம். பிழை அனேகமா மேல் நூலிலைதான், நூலை இறுக்கிப் பிடிக்கிற ரென்சன் தட்டுகளுக்கு நடுவிலை நூல் வடிவா இறங்கேல்லை. காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு (துணியை அமத்திப் பிடிக்கிற மெசின்ரை காலை, உங்கடை காலை இல்லை) திருப்பிக் கோத்துப் பாருங்கோ. மாறி, பொபின் நூல் மேலை எட்டிப் பாக்குது எண்டால் மேல் ரென்சன் கூடிப்போச்சு, கொஞ்சம் தளத்துங்கோ.

நேர்கோட்டிலை தொடங்குங்கோ

புதுசாப் பழகிற ஆக்கள் எடுத்தவுடனை பிளவுஸ் வெட்ட வேண்டாம், அது வளைவு கூடின வேலை, மனம் விட்டுப்போகும். ஒரு பழைய பருத்திச் சாறி எடுங்கோ. சாறி 5.5 மீற்றர், அது கிட்டத்தட்ட 216 இஞ்சி, அகலம் 45 இஞ்சி அளவிலை வரும். 18க்கு 27 இஞ்சித் தலகணி எண்டால் ஒரு உறைக்கு 19 இஞ்சி அகலம், 62 இஞ்சி நீளத்திலை ஒரே துண்டு காணும்: முன்னுக்கு 27, பின்னுக்கு 27, தலகணியை உள்ளுக்கை பிடிச்சு வைக்கிற மடிப்புக்கு 6, ரெண்டு கரையும் மடிச்சுத் தைக்க ஒவ்வொரு இஞ்சி. அகலத்திலை ரெண்டு துண்டு, நீளத்திலை மூண்டு தரம் எடுக்கலாம், கிழிசல் இல்லாத சாறி எண்டால் ஆறு உறை. அகலத்திலை மிஞ்சிற கரையை எறியாதேங்கோ, படத்துக்கு வேணும்.

ரெண்டு நுனியையும் அரை இஞ்சி, திருப்பி அரை இஞ்சி மடிச்சுத் தையுங்கோ. துணியின்ரை நல்ல பக்கம் மேலை பாக்க விரியுங்கோ. இனித்தான் எல்லாரும் குழம்பிற இடம்: முதலிலை பின்பக்க 27 இஞ்சியை முன்பக்கத்துக்கு மேலை மடியுங்கோ, அதுக்குப் பிறகு மற்ற நுனியிலை இருக்கிற 6 இஞ்சியை அதுக்கும் மேலாலை மடியுங்கோ. ரெண்டு பக்கமும் அரை இஞ்சி விட்டுத் தைச்சுப் புரட்டினால் மடிப்பு உள்ளுக்கை போயிருக்கும். மாறி மடிச்சால் மடிப்பு வெளியிலை நிக்கும், உறை பாழில்லை, பாவிக்கலாம், வடிவுதான் குறையும்.

இதிலை கை பழகினால் அடுத்தது சந்தைப் பை. அதுக்குப் பழைய சாரத்தை (லுங்கியை) விட நல்ல துணி இல்லை எண்டுதான் சொல்லுவன், தோய்ச்சுத் தோய்ச்சுச் சுருங்க வேண்டினதெல்லாம் சுருங்கி முடிஞ்சிருக்கும். இருந்து இருந்து தேஞ்ச இடத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்து விலத்தி வெட்டுங்கோ. 17 இஞ்சி அகலம் 18 இஞ்சி உயரத்திலை ரெண்டு துண்டு, பிடிக்கு 4 இஞ்சி அகலம் 22 இஞ்சி நீளத்திலை ரெண்டு. பக்கத் தையலை ரெண்டு தரம் போடுங்கோ: முதல் நல்ல பக்கம் வெளியிலை இருக்கக் கால் இஞ்சியிலை ஒரு தையல், பிசிறை நறுக்கிப்போட்டுப் புரட்டி, கூடாத பக்கம் வெளியிலை வர, முதல் தையலை உள்ளுக்கை மூடிற மாதிரி இன்னொரு தையல். ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டுக்கு இதுதான் வழி, நூல் பிரியாது, வெங்காயச் சருகும் பிசிறிலை சிக்காது. அடியிலை ரெண்டு மூலையையும் முக்கோணமா இழுத்து, முனையிலையிருந்து 2 இஞ்சி உள்ளுக்கை குறுக்காத் தைச்சால் பை நிமிந்து நிக்கும். பிடித்துணியை நாலா மடிச்சால் ஒரு இஞ்சிப் பட்டி, வாயை மடிச்சுத் தைச்சபிறகு அதைச் சதுரமா ஒரு தையல், நடுவாலை பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டு இறுக்குங்கோ. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலை பூசணிக்காய் வாங்கிப் போட்டாலும் அறாது.

துணிக்கு நிறம்

படத்துக்கு அடித்துணியா நான் எடுக்கிறது பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. மைக்கறை, கறிக்கறை, தோள்மூட்டிலை பாக் உரஞ்சின இடம் எல்லாம் அதிலை இருக்கும், அதையெல்லாம் மறைக்க வேண்டாம், படத்துக்குள்ளை எடுங்கோ. ஆனால் வெள்ளைச் சட்டை எல்லாம் பருத்தி இல்லை. ஓரத்திலை ஒரு நூலை உருவி நெருப்பிலை பிடியுங்கோ, பேப்பர் எரியிற மணத்தோடை எரிஞ்சு சாம்பலானால் பருத்தி, உருகிக் குண்டுமணி மாதிரித் திரண்டால் பொலியெஸ்ரர், கலப்புத் துணியிலை ரெண்டும் வரும். பொலியெஸ்ரரிலை வீட்டுச் சாயம் ஏறாது, அதுக்குப் பெயின்ற்தான்.

பருத்திக்குத் தேயிலைச் சாயமே போதும். கடும் சாயம் காய்ச்சித் துணியை ஊறப்போட்டால் பழைய கடுதாசி நிறம் வரும். கறள் ஆணியளை வினாகிரியிலை ஒரு கிழமை போட்டு வைச்சு, அந்தத் தண்ணியைத் தேயிலை பிடிச்ச துணியிலை பிறஸ்ஸாலை தொட்டால் தொட்ட இடம் சாம்பலாகிக் கறுக்கும், தேயிலையிலை இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேருறதாலை வாறது அது. பேந்து வடிவா அலசோணும், இரும்பு மிஞ்சி நிண்டால் காலப்போக்கிலை துணியை அரிக்கும். சின்ன வெங்காயச் சருகு எங்களுக்குக் கேக்கவே வேண்டாம், சந்தையிலை சும்மா அள்ளித் தருவினம். துணியை முதல் படிகாரம் கரைச்ச சுடுதண்ணியிலை ஊற விட்டு, பேந்து சருகோடை அவிச்சால் பொன்னிறத்துக்கும் பழுப்புக்கும் இடையிலை ஒரு நிறம் வரும். சாயம் அவிக்கிற பானையைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

மஞ்சளிலை ஒரு விளையாட்டு இருக்கு. மஞ்சள் தோய்ச்ச துணியிலை சவர்க்காரத் தண்ணியாலை கீறினால் கோடு சிவக்கும், கலியாணவீட்டு வேட்டியிலை பட்ட மஞ்சளைத் தோய்க்க வெளிக்கிட்ட ஆக்களுக்கு இது தெரியும். பிள்ளையளுக்குச் செய்து காட்டலாம், மற்றும்படி வெயில் பட்ட மஞ்சள் வெளிறிப்போகும், நிக்கவேண்டிய படத்துக்கு நான் அதை நம்புறேல்லை.

பேப்பர், ஓலை, நூல்

மிக்ஸ்ட் மீடியாவுக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கொப்பி உறை போடுற பிறவுண் பேப்பர், உதறிக் கழுவின சீமெந்துப் பை, பழைய கலியாண வீட்டுக் காட், கலண்டர் தாள், பனையோலை. 2004 இலை யாழ்ப்பாணப் பொது நூலகத்திலை நடந்த அகம் புறம் கண்காட்சியிலை ஓவியர் தா. சனாதனன் ஊர்ச்சனத்திட்டை சேர்த்த சாமான்களையே கலையா வைச்சவர், அதை நினைச்சால் லாச்சிக்குள்ளை கிடக்கிற எதையும் சும்மா எறிய மனம் வராது. பழைய கடிதம், படம் பாவிக்கிறது எண்டால் மட்டும் முதல்பிரதியிலை ஊசி போடாதேங்கோ, போட்டோக்கொப்பி எடுத்துப் பாவியுங்கோ. இங்ஜெற் பிரின்ற் ஈரம் பட்டால் கரையும், போட்டோக்கொப்பி மை கரையாது.

சீமெந்துப் பேப்பரை நனைச்சு, கசக்கி, விரிச்சு, திரும்பக் கசக்குங்கோ, கொஞ்ச நேரத்திலை தோல் மாதிரி மெத்தெண்டு வந்திடும், காயவிட்டு மினுக்கினால் தைக்கலாம். பேப்பர் தைக்கேக்கை தையல் நீளத்தை 3.5, 4 மில்லிமீற்றருக்குக் கூட்டி வையுங்கோ, சின்னத் தையல் முத்திரை கிழிக்கிற ஓட்டை மாதிரி விழுந்து அந்தக் கோட்டாலேயே கிழியும். திருப்பித் தைச்சு முடிச்சுப் போடவும் கூடாது, நூலைப் பின்பக்கம் இழுத்துக் கையாலை முடியுங்கோ. பேப்பர் தைச்ச ஊசி மழுங்கும், அதைத் துணிக்கு எடுக்காமல் பேப்பருக்கெண்டே விட்டிடுங்கோ.

ஓலை வேறை குணம். காஞ்ச ஓலையிலை ஊசி போட்டால் நரம்போடை பிளக்கும். அரை மணித்தியாலம் தண்ணியிலை ஊறப்போட்டுத் துடைச்சு, நரம்புக்குக் குறுக்காலை தையுங்கோ, நரம்போடை நீட்டுக்கு ஓடக்கூடாது. கடகம், பெட்டி இழைக்கிற ஆக்களிட்டை சாயம் போட்ட சார் (கிழிச்ச ஓலை) மிஞ்சிக் கிடக்கும், கேட்டுப் பாருங்கோ, அந்தச் சிவப்பையும் பச்சையையும் வீட்டிலை எடுக்கிறது கஸ்ரம்.

வேலை ஒழுங்கு முக்கியம்: சாயம், பெயின்ற், காயவிடுறது, பின்பக்கத்தாலை மினுக்கிறது, அதுக்குப் பிறகுதான் தையல். பெயின்ற் காய முதல் தைச்சால் ஊசியிலை ஒட்டி நூல் அறுந்துகொண்டே இருக்கும். போஸ்ரர் கலர் வேண்டாம், தண்ணி பட்டால் போயிடும், அக்ரிலிக் இல்லாட்டி பப்ரிக் பெயின்ற். துண்டுகளை அடித்துணியிலை பரப்பிப் போட்டு போனிலை ஒரு படம் எடுத்து வையுங்கோ, ஒரு நாள் அப்பிடியே விட்டுப்போட்டு அடுத்த நாள் வந்து பாத்தால் எது கூட எண்டு தெரியும், எனக்கு எப்பவும் கூடத்தான் இருக்கும், ரெண்டை எடுத்துப்போட்டுத்தான் ஊசி பிடிக்கிறது. குண்டூசி பேப்பரிலை ஓட்டை விடும், அதாலை மூலையிலை ஒரு சொட்டு பைண்டர் கம், தைக்கும்வரைக்கும் பிடிச்சு நிக்க மட்டும்.

நூலாலை கீறுறது எண்டால் துணியை வளையத்திலை இறுக்கி, துணி மெசின் தட்டோடை படுற மாதிரி வையுங்கோ. துணியைத் தள்ளுற பல்லை இறக்கிற வசதி இருந்தால் இறக்குங்கோ, பழைய மெசினிலை அது இல்லாட்டி மெல்லிய மட்டையிலை ஊசிக்கு ஓட்டை போட்டு அதுக்கு மேலை ஒட்டி மூடலாம். இப்ப மெசின் துணியைத் தள்ளாது, நீங்கள்தான் அசைக்கோணும். கால் வேகமா, கை ஆறுதலா, இதுக்குக் கை வர நாள் எடுக்கும், முதல் உங்கடை பேரை எழுதிப் பழகுங்கோ. விரலை வளையத்துக்கு வெளியிலை வைச்சிருங்கோ. தடிப்பான இடங்களை, ஓலை மடிஞ்ச இடங்களைக் கையாலைதான் தைக்கோணும், ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் தெரிஞ்சால் போதும், கன வகை தெரிஞ்ச ஆக்கள் எல்லாத்தையும் ஒரே படத்திலை காட்ட வெளிக்கிட்டுக் கெடுக்கிறதுதான் கூட.

முடிஞ்ச துணியைச் சட்டத்திலை இழுத்துப் பின்பக்கம் நூலாலை குறுக்குமறுக்கா இழுத்துக் கட்டுங்கோ. கண்ணாடி போட்டால் துணியிலை முட்டாமல் இடைவெளி விடோணும், இல்லாட்டி மாரியிலை உள்ளுக்கை பூஞ்சணம் பிடிக்கும். மேற்குச் சுவரிலை பின்னேர வெயில் படுற இடம் வேண்டாம், நிலத்திலை சாத்தி வைக்கவே வேண்டாம், கறையான் சட்டத்திலை தொடங்கும்.

துண்டுத்துணி காணாது எண்டால் ரெயிலர் கடையிலை ஒரு உரப்பையைக் குடுத்து மிச்சத்தைப் போட்டு வைக்கச் சொல்லுங்கோ, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முதல் கிழமைகளிலை போய்க் கேட்டால் ஏச்சுத்தான் விழும், அது கழிய போனால் பை நிறையத் தருவினம்.