கட்டாவின் ‘அசல்’ தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கராத்தேயில் கட்டா என்பது அடியும் தடுப்பும் ஒரு வரிசையில் அமைந்த, தனியாகச் செய்யும் பயிற்சி. ஷோடோகான் என்ற பிரிவில் ஹெயான் நிடான் கற்ற ஒருவரையும், ஒகினாவாவின் ஷோரின்-ரியூ பிரிவில் பினான் ஷோடான் கற்ற ஒருவரையும் அடுத்தடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். (பினானைத்தான் ஷோடோகானில் ஹெயான் என்கிறார்கள். ஷோடான் என்றால் முதலாவது, நிடான் என்றால் இரண்டாவது. எண் ஏன் மாறியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.) இரண்டும் ஒரே கட்டா என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒருவர் காலை அகட்டித் தாழ்ந்து நிற்பார். மற்றவர் பூனைக்கால் நிலையில், முன்காலில் பாரமே இல்லாமல், நிமிர்ந்து நிற்பார். ஒருவர் பக்கவாட்டில் உதைக்கும் இடத்தில் மற்றவர் நேராக உதைப்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உடனே கேட்பது, “இதில் எது அசல்?”

தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. அசல் என்று ஒன்று எங்கோ பத்திரமாக இருக்கிறது, பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. பினான் கட்டாக்கள் ஐந்தையும் உருவாக்கியவர் இட்டோசு அன்கோ (1831–1915). 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தே நுழைந்த காலம் அது. பையன்களை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்க, நீளமான பழைய கட்டாக்கள் ஒத்துவராது. பினானில் இருக்கும் பல தொடர்களை குஷாங்கு என்ற பெரிய கட்டாவிலும் அப்படியே பார்க்கலாம். கத்திக்கைத் தடுப்பு மூன்று, அதன் முடிவில் விரல்நுனிக் குத்து என்ற வரிசை ஒன்று போதும், உறவு தெரிந்துவிடும். ஆக, பலர் ‘அசல்’ என்று தேடிப் போகும் பினானே ஒரு ஆசிரியர் வகுப்பறைக்காகச் செய்த மாற்றம்தான்.

அவரும் ஒரே தடவையில் செய்து முடித்துவிடவில்லை போலிருக்கிறது. கராத்தே வீரர் மோட்டோபு சோக்கி சொன்னதாக ஒரு நினைவு பதிவாகியிருக்கிறது. இட்டோசுவைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு மாணவர் கட்டா செய்தாராம். தான் முன்பு ‘சன்னான்’ என்ற பெயரில் கற்றதைப் போலவே இருந்தது, ஆனால் கொஞ்சம் வேறுபட்டது. கேட்டதற்கு இட்டோசு, வடிவம் மாறிவிட்டது, இளைஞர்களுக்குப் பினான் என்ற பெயர் பிடித்திருக்கிறது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன் என்றாராம். உருவாக்கியவரே இவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டதை நாம் நூறு வருஷம் கழித்து உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, குஷாங்குவுக்குப் போனால் அசல் கிடைத்துவிடுமா? 1762-இல் ரியூக்யூக் (அன்றைய ஒகினாவா அரசின்) கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்பில் அந்தப் பெயருக்கு நெருக்கமான பெயர்கொண்ட சீனர் ஒருவர் வருகிறார். ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு மறு கையாலும் கால்களாலும் ஆளை மடக்குவார் என்று எழுதியிருக்கிறது. கட்டா எதையும் அந்தக் குறிப்பு விவரிக்கவில்லை. அதை வைத்து ‘1762-இன் கட்டா’ என்று யாராவது சொல்லிக்கொடுத்தால், கட்டணம் கட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

எல்லா அசைவுக்கும் சண்டைக் காரணம் தேடுவது

எனக்கு அதிகம் எரிச்சல் தரும் தவறு இது. ஹெயான் நிடானில் வரும் பக்கவாட்டு உதைக்கு, எதிரி எந்தக் கோணத்தில் வருகிறான், முழங்காலுக்கா விலாவுக்கா என்றெல்லாம் மணிக்கணக்கில் புங்காய் (அசைவுக்கான சண்டை விளக்கம்) சொல்பவர்கள் உண்டு. இட்டோசுவிடமே நேரில் கற்ற சிபானா சோஷின் (1885–1969) வழியில் அந்த இடத்தில் இருப்பது முன்னுதை. பக்கவாட்டு உதை ஷோடோகானில் பிறகு வந்தது. ஷோடோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சினின் மகன் யோஷிடாகாவின் காலத்து மாற்றம் என்று ஷோடோகான்காரர்களே சொல்வார்கள்.

ஏன் வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவுக்குப் போனார். இரண்டு வருஷத்தில் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தொடங்கியது, அப்புறம் மற்ற பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. வந்த மாணவர்கள் இருபது வயது இளைஞர்கள். சில வருஷங்களில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். கெண்டோவும் ஜூடோவும் பார்த்து வளர்ந்தவர்கள், எதிரே ஆளை நிறுத்தி மோதிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். அவர்களோடு வியர்வை சிந்தியது முக்கியமாக யோஷிடாகாதான். தூரத்திலிருந்து பாய்ந்து அடிக்க நீண்ட நிலை தேவைப்பட்டது. உதைகள் உயர்ந்தன. பூனைக்கால் நிலை இருந்த இடத்துக்குப் பின்காலில் பாரம் ஏற்றும் ஆழமான கோகுட்சு டாச்சி வந்தது. நைஹாஞ்சி என்ற கட்டா தெக்கி ஆனபோது அதன் நிலையும் தாழ்ந்தது. இளம் தொடைகளுக்கான பயிற்சியாக இது அருமை. அதற்காக ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒகினாவாவின் ரகசியப் போர்முறையைக் காரணம் காட்டுவது வீண்.

இதன் மறுபக்கமும் உண்டு. பள்ளிக்காக எளிமையாக்கியதால் பினான் வெறும் உடற்பயிற்சி, உண்மையானதை இட்டோசு ஒளித்துவிட்டார் என்ற கதை. அக்டோபர் 1908-இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதத்தில், ஒவ்வொரு அசைவும் எதற்கு, எப்போது பயன்படும் என்று புரிந்துகொண்டு பழகச் சொல்கிறார். அதில் பல விஷயங்கள் வாய்மொழியாகவே வருகின்றன என்றும் சொல்கிறார். ஒளிப்பவர் இப்படி எழுதிவைப்பாரா? கட்டாவின் உருவம் தலைமுறை தாண்டியும் தொடர, கூடவே சொல்லப்பட்ட விளக்கம் வழியில் உதிர்ந்திருக்கலாம் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது யார் காதில் எதைச் சொல்வது?

வேறுபாடு என்றாலே ஒருவர் தப்பு என்று முடிவுகட்டுவது

சான்சின் என்ற கட்டாவைப் பாருங்கள். கோஜு-ரியூ பிரிவில் முஷ்டி மடக்கி, மூச்சுச் சத்தம் கேட்கச் செய்கிறார்கள். உயேச்சி-ரியூ பிரிவில் விரித்த கை, சத்தமில்லாத மூச்சு. கோஜு வழிக்கு மூலமான ஹிகாஓன்னா கன்ரியோவும் சரி, உயேச்சி கன்புனும் சரி, இருவருமே சீனாவின் ஃபூஜோவில் கற்றுத் திரும்பியவர்கள். ஆனால் போன காலம் வேறு, ஆசிரியர் வேறு. அண்ணன் தம்பி முகத்தில் யார் அசல் என்று கேட்பதில்லையே. போதாததற்கு கோஜு-ரியூவுக்குள்ளேயே இரண்டு சான்சின் உண்டு. ஹிகாஓன்னாவின் பெயரால் வழங்குவதில் திரும்புதல் வரும். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் (1888–1953) அமைத்ததில் திரும்புவதே இல்லை, முன்னால் போய்ப் பின்னால் வருவதோடு சரி. பல டோஜோக்களில் (பயிற்சிக் கூடங்களில்) இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாணவர் மாற்றியதால் ஆசிரியருடையது அழிந்துவிடவில்லை.

பழைய புகைப்படத்தைத் தீர்ப்பாக எடுப்பது

ஃபுனாகோஷியின் 1922 புத்தகத்தில் கோட்டோவியங்கள், 1925 புத்தகத்தில் அவரே நின்று எடுத்த புகைப்படங்கள். நிலைகள் உயரமாகத்தான் இருக்கின்றன. நல்ல சான்று, மறுக்கவில்லை. ஆனால் அதில் நிற்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கேமராவுக்காக அசையாமல் நிற்கிறார். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடுப்பு எப்படித் திரும்பியது, கால் எந்த வழியாக வந்தது என்பது படத்தில் கிடையாது. கட்டாவில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இன்றைய போட்டி வீடியோவுக்கும் இதே எச்சரிக்கை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் இறுதியில் ஸ்பெயினின் சான்ட்ரா சான்செஸ் தங்கம் வென்றது குஷாங்குவின் இன்னொரு கிளையான சத்தன்யாரா குஷாங்கு செய்துதான். அபாரமான கட்டா, ஆனால் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்குத் தெரியும்படி செய்த கட்டா. அந்த நீண்ட நிறுத்தங்களும் தலைத் திருப்பமும் உங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் இல்லையென்றால் அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

கடைசியாகச் சின்ன விஷயம், ஆனால் ஒப்பிட உட்காரும் பலரும் இதில்தான் முதலில் இடறுவார்கள். ஃபுனாகோஷி பினானை ஹெயான் ஆக்கியபோது முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார். எளிதானது முதலில் வரட்டும் என்று பழைய நிடானை ஷோடான் ஆக்கினார். வாடோ-ரியூ என்ற பிரிவில் பழைய எண்ணே இருக்கிறது, ஆனால் அங்கும் பெரும்பாலும் நிடானைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். எனவே பழைய புத்தகமோ வேறு பள்ளியின் வீடியோவோ கிடைத்தால் எண்ணை விட்டுவிட்டு முதல் அசைவைப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு என்றால் அது ஷோடோகானின் ஹெயான் ஷோடான். இரண்டு கைகளும் ஒன்றாக மேலே எழுந்தால் ஹெயான் நிடான்.