பழைய ராணுவ லாரியைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் பழைய லாரி ஒன்றை மீண்டும் ஓட வைப்பது பெரிய காரியமல்ல. நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். சங்ககிரியில் லாரி வேலை தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் அடுத்தடுத்து இருப்பதால், சந்தையில் கிடைக்காத பாகத்தையும் கடைந்தோ வார்த்தோ வாங்கிவிடலாம். ராணுவ லாரியைப் பொழுதுபோக்காகப் புதுப்பிக்க முனைவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வசதியிலிருந்துதான் தொடங்குகின்றன. நம் பட்டறைகளுக்குப் பழகிய வேலை, வண்டியை முன்னைவிடப் பலமாக்கி நாளைக்கே லோடு ஏற்ற அனுப்புவது. வண்டி தன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படி நிறுத்துவது வேறு வேலை. இந்த வேறுபாட்டை முதல் நாளே மேஸ்திரியிடம் விளக்கிச் சொல்லாவிட்டால், அவர் நல்லெண்ணத்தோடேயே நமக்கு வேண்டியதை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பற்றவைத்துத் தருவார்.

முதல் தவறு, என்ன வண்டி என்று தெரியாமலே முன்பணம் கொடுப்பது. நம் பகுதியில் கண்ணில் படக்கூடியவை பெரும்பாலும் சில வகைகளே. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் ஃபோர்டும் செவ்ரோலெட்டும் ஏறத்தாழ 4 லட்சம் எண்ணிக்கையில் தயாரித்த, முகம் சப்பையான 'கனடிய ராணுவ வடிவ' லாரிகள் ஒரு வகை. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தின் பேரில் 1959 முதல் ஜபல்பூரில் உருவான சக்திமான் மற்றொன்று. நிசான் உரிமத்தில் அதே ஊரில் தயாரான ஒரு டன் வண்டியும், 3,956 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஜோங்கா என்ற ஜீப் வகை வண்டியும் அடுத்தவை. போர்க்கால வண்டிகள் உபரியாக விற்கப்பட்ட பிறகு மரம் இழுத்தன, ரிப்பேரான லாரிகளைத் தூக்கும் கிரேன்களாயின. பெட்ரோல் எஞ்சின் கட்டுப்படியாகாமல் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினுக்கு மாறியவையும் உண்டு. எனவே முன்பாதி ஒரு வண்டி, பின் அச்சு இன்னொரு வண்டி, கேபின் மூன்றாவது வண்டி என்று ஒட்டுப்போட்டதாகவே பல கைக்கு வரும். கனடிய லாரியில் தகட்டில் உள்ள குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்: சி60எல் என்றால் செவ்ரோலெட், 60 ஹண்ட்ரட்வெயிட் அதாவது 3 டன், நீளமான வீல்பேஸ் என்று பொருள், எஃப் என்று தொடங்கினால் ஃபோர்டு. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் அது 13ஆம் எண் கேபின். நேராக நின்றால் அதற்கு முந்தியது. தகட்டுக்கும் கேபினுக்கும் பொருத்தம் இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசலாம், அல்லது வேறு வண்டி பார்க்கலாம்.

வண்டியை எந்த ஆண்டுக்குத் திருப்புவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். எல்லோரும் போர்க்களத்துக்கே திருப்ப விரும்புகிறார்கள். ஆனால் ராணுவத்தில் சில ஆண்டுகளும் மலையடிவாரத்தில் மரம் இழுத்துப் பல பத்தாண்டுகளும் கழித்த ஒரு லாரியை, அந்த டீசல் எஞ்சினோடும் மரப்பாடியோடும் அப்படியே காப்பாற்றுவதும் முறையான புதுப்பிப்புதான் என்பது என் கருத்து. செலவும் குறைவு.

அடுத்தது காகிதம். ராணுவம் கழித்துவிட்ட வண்டி ஏலத்தில் விற்கப்பட்டதற்கான ஆவணம் தொடங்கி இன்றைய ஆர்.சி. வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், வண்டி தோப்பைவிட்டு வெளியே வர முடியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்து 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணைப் பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். இந்த விதி தனிப்பட்ட பயன்பாட்டு வண்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆகவே சரக்கு லாரியாகப் பதிவான வண்டியை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பவர்கள், தாங்களே தகுதியை இழந்துவிட்டு அலுவலகத்தின் மேல் குறைபடுகிறார்கள். சேஸ் எண் மங்கிவிட்டது என்று பட்டறையில் உளி வைத்து மறுபடி வெட்டுவது இதைவிட மோசம். அது காவல் நிலையம் வரை போகக்கூடிய விஷயம்.

நிறத்துக்கு வருவோம். ராணுவ லாரி என்றாலே ஆலிவ் பச்சைதான் என்று டப்பா டப்பாவாகப் பெயிண்ட் வாங்கிவிடுகிறார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவப் பதிவெண்ணை வாகன எண்ணுக்குப் பதிலாக எழுதிக்கொள்வதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். போர்க்கால வண்டிக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1942 முதல் 1944 வரை பழுப்பு நிறத்தையே அடிப்படை நிறமாக வைத்திருந்தது. பழுப்பும் மணல் நிறமும் அக்காலத்துக்கு உண்மையான நிறங்கள், விதிக்கும் முரணில்லை.

எந்த நிறம் என்பதை வண்டியே சொல்லும், அதைக் கேட்கும் பொறுமை இருந்தால். பானெட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகல இடத்தைத் தேர்ந்தெடுத்து, 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். லாரிக்காரர் அடித்த நீலமோ சிவப்போ முதலில் கரையும். அதன் கீழே ஒரு மட்டமான பச்சை, அதற்கும் கீழே பளபளப்பே இல்லாத பழுப்பு என்று மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் வெள்ளை எழுத்துகளின் விளிம்பு எட்டிப்பார்க்கும். எல் என்ற எழுத்தோடு தொடங்கினால் அது லாரிக்கான போர்க்கால எண்; சிறிய வண்டிகளுக்கு இசட் என்று இருக்கும். இதையெல்லாம் படம் எடுத்துக்கொள்ளாமல் கிரைண்டரில் வயர் பிரஷ்ஷை மாட்டி ஒரே நாளில் வெள்ளை இரும்பாக்கிவிட்டால், பிறகு எந்த ஆவணத்தாலும் அதை மீட்க முடியாது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் என்பதாலும் உலர்வாகத் தேய்ப்பது ஆகாது.

சேஸை ஷாட் பிளாஸ்டிங் செய்யக் கொடுப்பது சரியே. கோவை வார்ப்படச் சாலைகளில் அந்த வசதி உண்டு. ஆனால் அதே வேகத்தில் கதவையும் பானெட்டையும் கொடுத்தால் மெல்லிய தகடு சூடேறி அலையலையாக நெளிந்துவிடும், பிறகு கிலோக் கணக்கில் பட்டி பார்க்க வேண்டியதுதான். ஆற்று மணலை வைத்து வீட்டிலேயே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும், குணப்படுத்த மருந்து கிடையாது. பழைய பிரேக் டிரம்மைத் திறந்தவுடன் கம்ப்ரஸர் காற்றால் ஊதும் வழக்கத்தையும் விட வேண்டும், அக்கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை. பெயிண்ட் அடிக்க ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பல்லடம், உடுமலைப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைக்கு நல்லது, ஈரம் காயாத பெயிண்ட்டுக்கு அல்ல.

எஞ்சின் இறுகியிருந்தால் ஸ்டார்ட்டரைப் போட்டோ, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தோ சுற்றப் பார்க்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் விட்டு, ஊற விட்டுப் பிறகு கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கிராங்க் கம்பி போடும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்வது, எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரலைக் காப்பாற்றும். செவ்ரோலெட்டின் 216 கன அங்குல எஞ்சினில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள கரண்டி, தொட்டியிலிருந்து ஆயிலை வாரிக்கொள்கிறது. பேரிங்கும் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்தது. ஆகவே ஆயில் பிரஷர் சுமார் 15 பிஎஸ்ஐ காட்டினாலே அது நல்ல எஞ்சின். டீசல் லாரியில் இதைப் போல மும்மடங்கு பார்த்துப் பழகிய மேஸ்திரி, முள் ஏறவில்லை என்று சொல்லி நல்ல நிலையில் உள்ள எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிடுவார். பிரித்த பிறகு ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நட்டு, போல்ட்டுகளின் மரைக்கும் இதே கவனம் வேண்டும். கனடிய, அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவு அமெரிக்க மரை; பெட்ஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் வகை; சக்திமானில் மெட்ரிக். நட்டு இரண்டு சுற்றுப் போய் இறுகுகிறது என்றால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி அழுத்தாமல், மரை கேஜ் வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சக்கரம். போர்க்கால வண்டிகள் பலவற்றில் டிஸ்க் இரண்டு பாதிகளாக இருக்கும். அவற்றை ஒரு வட்டமாக அமைந்த நட்டுகள் சேர்த்துப் பிடிக்கின்றன, அதற்கு உள்ளே சிறிய வட்டத்தில் உள்ள நட்டுகள் சக்கரத்தை ஹப்பில் பிடிக்கின்றன. வெளிவட்ட நட்டுகளைக் காற்று இருக்கும்போது தொடக் கூடாது என்பதற்காகவே ராணுவத்தில் அவற்றுக்குச் சிவப்பு அடித்தார்கள். நம் வண்டியில் அந்தச் சிவப்பு எப்போதோ மறைந்திருக்கும். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைக்காரர் ரிங் வைத்த லாரி டிஸ்க்கில் கைதேர்ந்தவர்தான். ஆனால் இந்த வகையை அவர் பார்த்தே இருக்க மாட்டார், கண்ணில் பட்ட நட்டையெல்லாம் கழற்றத் தொடங்குவார். உள்ளிருக்கும் காற்று பல டன் விசையோடு டிஸ்க்கைப் பிளந்து எறியும். எனவே சக்கரத்தைக் கழற்றும் முன்பே வால்வின் ஊசியை எடுத்துக் காற்றை முழுமையாக இறக்கிவிட வேண்டும், வால்வுத் துளையில் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்ய வேண்டும். திரும்பக் கட்டும்போது துருப்பிடித்த போல்ட்டைப் போடாமல், சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸில் தள்ளி நின்று காற்று ஏற்ற வேண்டும். வெளிவட்டத்துக்குப் புதிதாகச் சிவப்பு அடிப்பதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். 16 அங்குலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிராக்டர் முன்சக்கர டயரை மாட்டுவதும் தவறு. அது வயலுக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் ஆனது.

கரண்ட் விஷயத்தில், போர்க்கால வண்டிகள் பெரும்பாலும் 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இருமடங்கு ஆம்பியர் ஓட வேண்டும் என்பதால் கேபிளும் அதற்கேற்ற தடிமனில் வேண்டும். கார் பேட்டரி கேபிளைப் போட்டுவிட்டு, எர்த் பிடிக்கும் இடத்தில் புதுப் பெயிண்ட்டையும் சுரண்டாமல் விட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் முக்குகிறது என்று 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்பவர்கள் அநேகர். கேபிளையும் எர்த்தையும் சரிசெய்தால் அந்த 6 வோல்ட்டே போதும்.

பெட்ரோல் டாங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று ஓட்டையைத் தெருமுனை வெல்டிங் கடையில் அடைக்கக் கொடுப்பது உயிருக்கு உலை. திரவம் இல்லாத டாங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். நீராவியால் கழுவிச் சுத்தப்படுத்தித் தருபவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் இளகிப் போகும், எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நிறுத்தி வைத்த டாங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஹோஸ் போட்டு, மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. பிரேக் ஆயிலில் டாட் 5 சிலிக்கோன் வகையை டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு கலக்கக் கூடாது. கியர் பாக்ஸில் பித்தளை, வெண்கலப் புஷ் இருந்தால் ஜிஎல்-5 தர கியர் ஆயிலைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து முதல் ஓட்டத்துக்கு எடுக்கும்போது, கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும் சிங்க்ரோ இதில் கிடையாது என்பதால், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கிளட்ச்சை இருமுறை மிதித்து, அதாவது டபுள் கிளட்ச் போட்டு ஓட்டத் தெரிந்த பழைய ஓட்டுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்று காட்டுவதற்காக, காய்ந்த தார்ச்சாலையில் முன் அச்சையும் இணைத்துவிட்டு வளைவில் திருப்பாதீர்கள். முன், பின் அச்சுகளுக்கு நடுவே வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், சக்கரம் சறுக்க வழியில்லாத தார்ச்சாலையில் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி லீவர் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால் சுத்தியலைத் தேட வேண்டாம். வண்டியை நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு தளர்ந்து லீவர் தானே விடுபடும்.