பழைய ஞானப்பாட்டுகளுக்குப் புதிய மெட்டு அமைப்பது எப்படி

ஆராதனையில் பாடப்படும் பழைய ஞானப்பாட்டுகள் பலவற்றில் வரிகளும் மெட்டும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஜான் நியூட்டன் 1779-இல் வெளியிட்ட ‘அமேசிங் கிரேஸ்’ பாடல், இன்று உலகமெங்கும் அறியப்படும் மெட்டோடு 1835-இல்தான், வில்லியம் வாக்கர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தில் இணைந்தது. ஹென்றி லைட் தம்முடைய ‘அபைட் வித் மீ’ பாடலுக்குத் தாமே ஒரு மெட்டு அமைத்திருந்தும், சபைகள் கைக்கொண்டது 1861-இல் வில்லியம் மங்க் அமைத்த மெட்டையே. ஆகவே புதிய மெட்டு அமைக்கத் தயங்க வேண்டியதில்லை. தயங்கி யோசிக்க வேண்டியது எந்தப் பாட்டை எடுப்பது என்பதில்தான்.

சபை ஏற்கெனவே மனமாரப் பாடும் பாட்டைத் தொடாதீர்கள். பழகிய மெட்டோடு போட்டியிடும் புது மெட்டு, எவ்வளவு நன்றாக இருந்தாலும், பெரும்பாலும் தோற்றுப்போகும். சார்லஸ் வெஸ்லி மட்டுமே 6,000-க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியிருக்கிறார். அவற்றில் பெரும்பகுதியை இன்று யாரும் பாடுவதில்லை. வரிகள் ஆழமாக இருந்தும் மெட்டு கடினமாக இருப்பதாலோ மறந்துபோனதாலோ ஒதுங்கிக் கிடக்கும் பாட்டுகளே இந்த வேலைக்கு ஏற்றவை.

தேர்ந்தெடுத்த பாட்டின் உரிமையை முதலில் பாருங்கள். ஐசக் வாட்ஸ், வெஸ்லி, நியூட்டன் போன்ற பழைய பாடலாசிரியர்களின் மூல வரிகளை எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். பழைய பாட்டு போலத் தோன்றும் எல்லாமே அப்படியல்ல. ‘கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னஸ்’ 1923-இல் வெளியானது என்றாலும், அதை எழுதிய தாமஸ் சிஷோம் 1960-இல் மறைந்ததால், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் என்ற விதியுள்ள நாடுகளில் 2030 முடியும்வரை அனுமதி தேவைப்படலாம். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மூலப் பாடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் இறுதியில் பாடப்படும் ‘பத்தாயிரம் ஆண்டுகள்’ பற்றிய சரணம் நியூட்டன் எழுதியதே அல்ல.

இனி வரிகளைச் சத்தமாக வாசித்து, ஒவ்வோர் அடியிலும் உள்ள அசைகளை (ஆங்கிலத்தில் ‘சிலபிள்’) எண்ணி எழுதுங்கள். நான்கு அடிகளின் எண்ணிக்கை 8.6.8.6 என்று வந்தால் அது ‘காமன் மீட்டர்’ என்ற அளவு, 8.8.8.8 என்றால் ‘லாங் மீட்டர்’. எண்ணிக்கை பொருந்தினால் போதும் என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையான சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. வாட்ஸ் 1707-இல் வெளியிட்ட ‘வென் ஐ சர்வே’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சரணத்தில் ‘வென்’ என்பதைத் தாளத்தின் முதல் தட்டுக்கு முன்னரே எடுத்துவிட்டு, ‘ஐ’ என்பதை முதல் தட்டில் வைத்தால் இயல்பாகவே இருக்கும். அதே மெட்டில் ‘சீ ஃப்ரம் ஹிஸ் ஹெட்’ என்று தொடங்கும் சரணத்தைப் பாடிப் பாருங்கள்: அழுத்தம் பெற வேண்டிய ‘சீ’ தட்டுக்கு வெளியே போய், வெறும் இணைப்புச் சொல்லான ‘ஃப்ரம்’ முதல் தட்டில் முழங்கும். நான்கு தட்டுத் தாளமானால், அந்தச் சரணத்தில் மட்டும் ‘சீ’யை முதல் தட்டுக்கு நகர்த்தி, ‘ஃப்ரம் ஹிஸ்’ இரண்டையும் இரண்டாம் தட்டில் இரு குறுகிய சுரங்களாக்கினால், ‘ஹெட்’ மூன்றாம் தட்டில் சரியாக வந்து அமரும். முதல் சரணத்தை மட்டும் வைத்து மெட்டை முடித்துவிடாமல், எல்லாச் சரணங்களையும் மெட்டோடு பாடிய பிறகே அதை உறுதி செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

தமிழ்ப் பாட்டானால் அழுத்தத்தைவிடக் குறில், நெடில் வேறுபாட்டையே கவனிக்க வேண்டும். குறிலை நீண்ட சுரத்தில் நிறுத்தினால் அது நெடிலாக ஒலித்துப் பொருளே மாறிவிடும். ‘பலன்’ என்பதன் முதலெழுத்தை இரண்டு தட்டுகளுக்கு இழுத்தால் கேட்பவர் காதில் ‘பாலன்’ என்றே விழும். நீண்ட சுரங்களுக்கு நெடிலையோ அடியின் இறுதியையோ தேடுங்கள். எதுகை அமைந்த அடிகளை மெட்டிலும் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால், பாடுகிறவர்களுக்கு அடுத்த அடி தானாகவே நினைவுக்கு வரும்.

மெட்டைப் பாடகருக்காக அமைக்காமல் சபைக்காக அமையுங்கள். நடு ‘சி’ (பியானோவின் நடுவிலுள்ள ‘சி’ சுரம்) முதல் அதற்கு மேல் ஸ்தாயியின் ‘டி’ வரை என்பது, ஆண்களும் பெண்களும் கலந்து பாடும் கூட்டத்துக்குப் பாதுகாப்பான எல்லை. உச்ச சுரத்தைப் பாட்டின் கருத்து உச்சம் பெறும் இடத்தில் ஒருமுறை தொட்டால் போதும். அடிகளுக்கிடையே மூச்சு வாங்க இடம் விடுங்கள். இல்லாத பல்லவியைச் சேர்க்க விரும்பினால் பாட்டிலிருந்தே ஓர் அடியை எடுத்துப் பயன்படுத்துவது நல்லது; வாட்ஸின் வரிகளுக்கு நடுவே நாம் எழுதும் வரி ஒட்டுப்போட்டதாகத் தெரியும் என்பது என் கருத்து. நீளம் கருதிச் சரணங்களைக் குறைக்கலாம், ஆனால் சிலுவையில் தொடங்கி அர்ப்பணிப்பில் முடியும் பாட்டில் அந்தக் கடைசிச் சரணத்தை நீக்கினால் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

கிட்டார் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) எளிமையாக இருக்கட்டும். கருவிகள் எதுவுமின்றி மெட்டைப் பாடிப் பாருங்கள். கார்டுகள் இல்லாமல் நிற்காத மெட்டு சபையின் வாயில் தங்காது.

முதல் வாரம் பாடகர் குழு முழுப் பாட்டையும் பாட, சபை கடைசிச் சரணத்தில் மட்டும் சேரலாம். அடுத்த இரு வாரங்களும் தொடர்ந்து அதையே பாடுங்கள். மூன்றாம் வாரத்திலும் சபை ஒரே இடத்தில் தடுமாறினால், அங்கே அவர்கள் தாமாகவே பாடிய சுரத்தைக் குறித்துக்கொண்டு, மெட்டை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள்.