புயல் அடங்கிய கதையை மூன்றாம் வகுப்புக்குச் சொல்லும் முறை

ஜூன் மாதம் புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் கால அட்டவணையில் வேதபாடமும் ஒரு வகுப்பாக இருக்கும். கணக்குக்கும் தமிழுக்கும் பயிற்சி பெற்று வந்திருப்பார்கள். இதற்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாக இந்த வகுப்பை எடுத்துவருகிறேன். ஒரே ஒரு கதையை வைத்து, நான் செய்கிற முறையை எழுதுகிறேன். பைபிளில் மாற்கு எழுதிய நற்செய்தி, 4-ஆம் அதிகாரம், 35 முதல் 41 வரை: சீஷர்களோடு படகில் போகும்போது எழுந்த புயலை இயேசு அடக்குகிறார். ஏழே வசனங்கள்.

முன்னதாக ஒன்று. அரசு உதவி பெறும் பள்ளியிலும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தக் குழந்தையையும் சமயப் பாடத்தில் உட்கார வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைகள் நீதிபோதனை வகுப்புக்குப் போகட்டும். எந்தப் பிள்ளையும் வராந்தாவில் தனியாக நிற்கக் கூடாது.

முதல் படி: நீங்கள் வாசியுங்கள்

முந்தின நாள் இரவு பகுதியை மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் தடுக்கி விழக்கூடிய சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் இயேசு ‘கப்பலின் பின்னணியத்தில்’ தலையணை வைத்து நித்திரையாயிருந்தார் என்று இருக்கும். (திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பை வாசிக்கிற பள்ளிகளில் சொற்கள் மாறும்.) முதல் ஆண்டு பின்னணியம் என்றால் என்னவென்று எனக்கே தெரியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “அணியம் என்றால் படகின் முன்பக்கம், டீச்சர். அப்படியென்றால் இது பின்பக்கம்” என்றான். அதிலிருந்து படகைப் பற்றிய எதையும் முதலில் வகுப்பைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தத் தலையணையை விட்டுவிடாதீர்கள். இதே நிகழ்ச்சி மத்தேயுவிலும் லூக்காவிலும் உண்டு. தலையணை மாற்குவில் மட்டும்தான். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைத்தான்.

இரண்டாம் படி: படகை வரையுங்கள்

‘கப்பல்’ என்ற சொல் நம் பிள்ளைகளை வேறு எங்கோ கொண்டுபோய்விடும். கதையைச் சொல்லிவிட்டுப் படம் வரையச் சொன்னால், துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கன்டெய்னர் கப்பலை வரைவார்கள். அவ்வளவு பெரிய கப்பலில் அலை ஏறினால் யாருக்குப் பயம் வரும்?

அதனால் சாக்பீசும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். 1986-இல் கலிலேயாக் கடலில் தண்ணீர் வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய மரப்படகு கிடைத்தது. ஏறக்குறைய இயேசுவின் காலத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 27 அடி, அகலம் ஏழரை அடி. அந்த அளவில் படகின் உருவத்தைத் தரையில் வரையுங்கள். மாற்கு ஆள்களை எண்ணிச் சொல்லவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள். ஒரு பிள்ளை பின்னணியத்தில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கட்டும். கால் நீட்டினால் அடுத்தவர் மடியில் இடிக்கும். “எங்கள் ஃபைபர் படகு மாதிரியே இருக்கிறது” என்று யாராவது சொல்வார்கள். அங்கேயே கதையைத் தொடங்கிவிடுங்கள், வகுப்பறைக்குத் திரும்ப வேண்டாம்.

“அக்கரைக்குப் போவோம் வாருங்கள்” என்ற இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: கடலுக்கு ஏது அக்கரை? நியாயமான கேள்வி. கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. அகலமான இடத்தில் 13 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற தூரம். சுற்றிலும் மலைகள். அவற்றிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். புயல் வருகிறதென்றால் இங்கே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாம் படி: வசனம்

“இரையாதே, அமைதலாயிரு.” கடலைப் பார்த்து இயேசு சொன்ன இதுவே போதும். இரைச்சல் தெரிந்த பிள்ளைகளுக்கு இரைதலும் உடனே விளங்கிவிடும். ஒரு பாதி பிள்ளைகள் காற்றைப் போல இரையட்டும், மறு பாதி வசனத்தைச் சொல்லட்டும். பிறகு மாற்றிக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். இந்த வசனத்தைச் சொல்லி வகுப்பை மட்டும் அடக்காதீர்கள். சில நாளில் அது ஆசிரியரின் அதட்டலாகிவிடும்.

நான்காம் படி: கேள்வியோடு விடுங்கள்

கதை முடிந்ததும் ‘இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது’ என்று தொடங்கத் தோன்றும். தொடங்காதீர்கள். மாற்கு அப்படி முடிக்கவில்லை. “இவர் யாரோ?” என்று சீஷர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார். நீங்களும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இரண்டு நிமிட மௌனம் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கனமாக இருக்காது. நமக்குத்தான் இருக்கும்.

அந்த மௌனத்தில் ஒருமுறை ஒரு சிறுமி கேட்டாள்: “எங்கள் அப்பா போன அன்று காற்று ஏன் நிற்கவில்லை?” அவள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். நம் பகுதியில் இந்தக் கேள்வி எந்த ஆண்டும் வரலாம், தயாராக இருங்கள். விசுவாசம் இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தன் அப்பாவையோ தன்னையோ குற்றவாளியாக்கிக்கொள்ளும். காரணம் எதுவும் சொல்லாதீர்கள். நான் 38-ஆம் வசனத்தைத் திரும்ப வாசித்தேன்: “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா.” சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள், அதற்காக அவர் அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை, நீயும் கேட்கலாம் என்றேன். மணி அடித்த பிறகும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். அன்றைய பாடம் பாதியில் நின்றது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அடுத்த கதைக்கு யோவான் 21-ஐ எடுங்கள்: 153 பெரிய மீன்கள், ஆனாலும் வலை கிழியவில்லை. இதை மட்டும் ஜூன் முதல் இரண்டு வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பல அப்பாக்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். பழைய வலைத்துண்டு ஒன்று வேண்டும் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். ஒரு முழம் போதும்.