கிராம சபையில் தெருப் பிரச்சினையைத் தீர்மானமாக்குவது எப்படி

கிராம சபைக்குப் போய் அரை மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு, "சொல்லியாச்சு, இனி அவங்க பாத்துக்குவாங்க" என்று வீடு திரும்புகிறவர்கள்தான் நம் ஊர்களில் அதிகம். அடுத்த கூட்டம் வரும்போது சாக்கடை அப்படியே கிடக்கும். கேட்டால், "அப்படி ஒரு தீர்மானமே இல்லையே" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் அன்றைக்குப் பேசியது எதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்காது. புத்தகத்தில் ஏறிவிட்ட ஒரு வரியை வைத்துக்கொண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்கும் போகலாம், கலெக்டர் ஆபீஸுக்கும் போகலாம். அதனால் உங்கள் தெருப் பிரச்சினையை அந்தப் புத்தகத்தில் எப்படி ஏற்றுவது, ஏறியதை எப்படி வேலையாக மாற்றுவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் அது ஊராட்சியின் வேலைதானா என்று பாருங்கள். தெருவிளக்கு, குடிநீர், ஊருக்குள் இருக்கும் தெருச் சாலை, சாக்கடை, குப்பை, சுடுகாடு, இடுகாடு இவையெல்லாம் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவை. இவற்றுக்கு "இப்போ நிதி இல்லை" என்று சொல்லலாம், "எங்க வேலை இல்லை" என்று சொல்ல முடியாது. பட்டா என்றால் வி.ஏ.ஓ.வும் தாலுகா ஆபீஸும். மின்கம்பம் சாய்ந்து நின்றால் மின்வாரியம், அதே கம்பத்தில் பல்பு எரியாவிட்டால் ஊராட்சி. ஏரி என்றால் ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளது நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். சாலையில்தான் பெரிய குழப்பம், ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று மூன்றும் ஒரே ஊருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், எது யாருடையது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். வேறு துறையின் வேலைக்கும் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆனால் அது அந்தத் துறைக்கு அனுப்பும் கோரிக்கையாகத்தான் போகும் என்று தெரிந்தே போடுங்கள்.

கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான் இருந்தது, மார்ச் 22உம் நவம்பர் 1உம் 2022இல் சேர்ந்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர், யாரும் வந்து தனியாக அழைக்க வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு முன்பே இடம், நேரம், கூட்டப் பொருள் மூன்றையும் மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். தண்டோராவை 2022இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டதால் இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள், அல்லது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளைப் போய்ப் படியுங்கள்.

படித்தால் ஒன்று தெரியும். கூட்டப் பொருள் பெரும்பாலும் மேலிடத்திலிருந்து வந்த பட்டியலாக இருக்கும். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, இந்தத் திட்டம், அந்தத் திட்டம் என்று வரிசையாக வந்து, கடைசியில் "இதர பொருள்கள்" என்று ஒரு வரி. உங்கள் தெருச் சாக்கடை அந்தக் கடைசி வரியில்தான் மாட்டிக்கொள்ளும். அது வருவதற்குள் மணி ஒன்றாகிவிடும், வெயில் ஏறிவிடும், பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், மற்றவர்களும் "சீக்கிரம் முடிங்கப்பா" என்பார்கள். இதிலிருந்து தப்ப ஒரே வழி, கூட்டத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தலைவர் பெயருக்கு ஒரு மனு எழுதி, "கீழ்க்கண்டதைக் கூட்டப் பொருளில் சேர்க்கவும்" என்று கேட்பதுதான். தலைவர் இல்லாத காலம் என்றால், அவர் இடத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். 2019 கடைசியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள், அப்போதும் கிராம சபை கூடியது, ஆகவே "தலைவர் இல்லை, எதுவும் நடக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனுவில் தெருக்காரர்கள் இருபது முப்பது பேர் கையெழுத்து இருக்கட்டும். நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள், தர மறுத்தால் ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

மனுவோடு தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். எனக்குத் தெரிந்து வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான். வாசகத்தை எழுதும் வேலையை அவர்களிடம் விட்டால், "மேற்குத் தெருவில் அடிப்படை வசதிகள் செய்து தர தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவார்கள், அதை வைத்து ஒரு செங்கல்கூட நகராது. நீங்கள் எழுதினால் இப்படி இருக்க வேண்டும்: "மேற்குத் தெருவில் மேல்நிலைத் தொட்டி முதல் மாரியம்மன் கோயில் வரை சுமார் 120 மீட்டர் நீளத்துக்கு மூடியுடன் கூடிய கழிவுநீர்க் கால்வாய் இல்லாததால் வீட்டுக் கழிவுநீர் தெருவில் தேங்குகிறது. மேற்படி கால்வாய் அமைக்க உடனடியாக மதிப்பீடு தயாரித்து, நிதிக்குழு மானியத்தில் இந்த நிதியாண்டுக்குள் பணியை எடுத்துச் செய்ய ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது." எங்கிருந்து எதுவரை, எவ்வளவு நீளம், என்ன வேலை, எந்த நிதி, எப்போதைக்குள், இந்த ஐந்தும் இருக்க வேண்டும். நீளத்தைக் கயிறு வைத்து அளந்தாலும் போதும், துல்லியமான அளவை எப்படியும் ஒன்றியப் பொறியாளர் வந்து எடுப்பார்.

நிதியின் பெயரைச் சொல்வது எதற்கென்றால், ஊராட்சிக்கு வரும் எல்லாப் பணத்தையும் எல்லாவற்றுக்கும் செலவழிக்க முடியாது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது, மீதி 40 சதவீதம்தான் ஊரின் மற்ற தேவைகளுக்கு. எனவே "பணமே இல்லை" என்ற பதிலுக்கு, "எந்தக் கணக்கில் இல்லை?" என்று கேளுங்கள். வீட்டு வரி, தொழில் வரி போன்ற சொந்த வருமானம் இருக்கும் கணக்கு வேறு, மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டும் கணக்கு வேறு, திட்ட நிதி வரும் கணக்கு வேறு. வரவு செலவுச் சுருக்கத்தைப் படிவம் 30 என்பார்கள், அதைக் கூட்டத்தில் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேள்வி கேட்டால் சண்டைக்கு வந்தவர் மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேடினால் நிதிக்குழுப் பணம் எவ்வளவு வந்தது, எந்த வேலைக்கு யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓரளவு பார்க்கலாம், கூட்டத்துக்கு முந்தின நாள் யாராவது ஒரு கல்லூரிப் பிள்ளையை உட்காரவைத்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கூட்ட நாள். எப்படியாவது தெருவிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், முக்கியமாகப் பெண்களை. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்று அவர்கள் சொன்னால் அதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. குறைவெண் வரம்பு (கோரம்) என்று ஒன்று இருக்கிறது, கூட்டம் செல்ல இத்தனை பேராவது வர வேண்டும் என்ற கணக்கு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் சேராத ஊரில் பிறகு வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. அப்படி உங்கள் வாசலுக்கு நோட்டு வந்தால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்தைக் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதச்சார்புள்ள வளாகங்களில் நடத்தக் கூடாது என்பது அரசின் உத்தரவு. ஒவ்வொரு முறையும் ஊர்த்தெரு மண்டபத்திலேயே நடத்தினால் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். இது சின்ன விஷயம் இல்லை, 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரையே, அவர் தலித் பெண் என்பதால், தரையில் உட்காரவைத்தார்கள். தலைவருக்கே அந்த நிலைமை என்றால் சாதாரண மக்கள் எழுந்து பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த கூட்டம் எங்கள் குடியிருப்பில் நடக்க வேண்டும் என்பதையும் ஒரு தீர்மானமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பேசும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். முந்தின தலைவர் என்ன செய்தார், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஆரம்பித்தால் கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும், சாக்கடை மறந்துபோகும். உங்கள் வாசகத்தைப் படியுங்கள், "இதைத் தீர்மானமாக எழுதுங்கள்" என்று சொல்லுங்கள், எழுதி முடிக்கும் வரை உட்காராதீர்கள். பெரும்பாலான ஊர்களில் வந்தவுடனே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானங்கள் அப்புறம் சாவகாசமாக ஆபீஸில் எழுதப்படும். எல்லாப் பித்தலாட்டத்துக்கும் வாசல் இதுதான். வருகைப் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவது வேறு, தீர்மானத்துக்குக் கீழே போடுவது வேறு. தீர்மானங்களை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு முடித்த பிறகுதான் கையெழுத்து என்று நாலு பேர் உறுதியாக நின்றால் போதும். ஒன்றியத்திலிருந்து வந்திருக்கும் பற்றாளரிடம் சொல்லுங்கள், அவர் அங்கே இருப்பது இதைப் பார்க்கத்தான். முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் வேலையே. தீர்மானம் போட்டால் மறுநாள் பொக்லைன் வந்துவிடாது. ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி வர வேண்டும், தொகையைப் பொறுத்து டெண்டர் விட வேண்டும், வேலை முடிந்து எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) அளவு ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் பில். பெரும்பாலான தெருவேலைகள் எஸ்டிமேட் கட்டத்திலேயே நின்றுபோகின்றன, பொறியாளருக்குப் பல ஊராட்சிகள், உங்கள் தெரு அவர் நினைவில் இருக்காது. ஆகவே இரண்டு வாரத்தில் தீர்மான நகலோடு ஒன்றிய அலுவலகம் போய், கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் பி.டி.ஓ.விடம் (அங்கே இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள், கதவில் "கி.ஊ." என்று போட்டிருக்கும்) மனு கொடுங்கள். "எஸ்டிமேட் போட்டாச்சா?" என்ற அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

நகல் தரமாட்டேன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் அனைத்துத் தீர்மானங்களின் நகல்" என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று கேள்விகளாக எழுதாதீர்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். அப்போதும் நகராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள், ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.

எல்லாத் தீர்மானமும் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டார்கள், அரசு அதற்காகத் திட்டத்தைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் அந்த ஊரின் எதிர்ப்பு தேதியோடு, கையெழுத்தோடு அரசு ஆவணத்தில் இருக்கிறது, அப்படி யாருமே எதிர்க்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. தெருச் சாக்கடைக்கு அவ்வளவு பெரிய எதிரி கிடையாது, அங்கே குறுக்கே நிற்பது பெரும்பாலும் மறதிதான்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பழைய தீர்மானத்தின் படத்தையும், மனு நகல்களையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். கூட்டம் ஆரம்பித்ததும், புதுப் பட்டியலை வாசிக்கும் முன்பே, "போன கூட்டத் தீர்மானங்கள் மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று கேளுங்கள், வரும் பதிலையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.